உயிர்காவலர் பட்டம்

கூடியிருக்கும் பெரியவர்களே, தூக்கம் வராத பிள்ளைகளே, கேளுங்கள். முத்தங்கரைப் பட்டணத்தை விசயதரன் என்னும் அரசன் ஆண்ட காலம் அது.

அந்தப் பட்டணத்தில் ஆவுடை என்றொரு வைத்தியச்சி இருந்தாள். வண்டிச் சக்கரம் ஏறிய நாய், சுமை தாங்காமல் விழுந்த கழுதை, கல்லடி பட்ட காகம், எதுவானாலும் தூக்கிவந்து தன் முற்றத்தில் கிடத்துவாள். ஒடிந்த எலும்புக்கு உளுந்துமாவும் முட்டை வெண்கருவும் குழைத்துக் கட்டுவாள். புழு வைத்த புண்ணை வேப்பெண்ணெய் விட்டு ஆற்றுவாள்.

“தெருநாய்க்கு வைத்தியமாம்!” என்று ஊர் சிரித்தது.

ஒருநாள் அந்த வழியே போன அரசன் முற்றத்தைப் பார்த்து மனம் இளகினான். மறுநாளே முரசு அறைந்தார்கள்: “அடிபட்ட உயிர்களை ஆவுடையிடம் கொண்டுவந்து சேர்ப்பவருள் சிறந்தவருக்கு ஆண்டுதோறும் உயிர்காவலர் பட்டம்! அரசவையில் ஆசனம்!”

அன்றோடு சிரிப்பு நின்றது.

பட்டு வணிகன் அம்பலவாணன் முதல் ஆளாக வந்தான். கையில் ஒரு செவலை நாய், முன்னங்கால் ஒடிந்து தொங்கியது. “தெருவில் கிடந்தது தாயே, பார்க்கப் பொறுக்கவில்லை” என்றான். ஆவுடைக்குக் கண் கலங்கியது. “உங்கள் குலம் தழைக்கட்டும் ஐயா” என்று வாழ்த்தினாள்.

இரண்டாம் முறை ஒரு கழுதையை இழுத்துவந்தான். தொடையில் ஆழமான வெட்டு. “எந்தப் பாவி செய்தானோ!” என்றான். அப்போதும் வாழ்த்தினாள்.

மூன்றாம் முறை ஒரு பூனையோடு வந்தான். வாசலில் அவன் குரல் கேட்டதும், கால் கூடி நடமாடிக்கொண்டிருந்த செவலை, தரையோடு தரையாக ஊர்ந்து ஆவுடையின் சேலைக்குள் முகம் புதைத்தது. அதன் உடம்பெல்லாம் உதறியது. ஆவுடை நாயைப் பார்த்தாள். பூனையின் ஒடிந்த காலைப் பார்த்தாள். வாழ்த்திய வாய் கசந்தது.

“ஐயா, இதை ஒடித்தது யார்?”

அம்பலவாணன் சிரித்தான். “ஒடிந்தால் என்ன தாயே? நீதான் கட்டிவிடுகிறாயே!”

பட்டம் சூட்டும் நாள் வந்தது. அயல்நாட்டுத் தூதர்கள் அவையில் நிறைந்திருந்தார்கள். அம்பலவாணன் மாலைக்குக் கழுத்தை நீட்டிய நேரத்தில், செவலையைத் தூக்கிக்கொண்டு ஆவுடை உள்ளே வந்தாள்.

“அரசே, இவர் காப்பவரல்லர், ஒடிப்பவர். என் சொல்லை நம்பவேண்டாம். இந்த வாயில்லாச் சீவனை இவர் ஒருமுறை கூப்பிடட்டும். அதுவே சொல்லும்.”

அரசன் தலையசைத்தான். ஆவுடை நாயைத் தரையில் இறக்கிவிட்டாள்.

“வாடா என் செல்லமே” என்று அம்பலவாணன் தேனாய்க் குழைந்தான்.

நாய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. வால் வயிற்றுக்குள் ஒடுங்கியது. கிடந்த இடத்திலேயே சிறுநீர் கழித்து, ஈனக்குரலில் அழுதது.

அரசனுக்குப் புரிந்துவிட்டது. அவன் கண் தாழ்ந்ததை ஆவுடை பார்த்தாள். பிறகு அந்தக் கண் தூதர்கள் பக்கம் திரும்பியதையும் பார்த்தாள்.

“கண்டீர்களா!” என்றான் அரசன் உரக்க. “உயிர் காத்தவரை அந்த நாயும் விழுந்து வணங்குகிறது!”

அவை ஆர்ப்பரித்தது. அம்பலவாணன் கழுத்தில் மாலை விழுந்தது. ஆரவாரத்தில் மிரண்ட நாயை மார்போடு அணைத்துக்கொண்டு ஆவுடை வெளியேறினாள்.

வீட்டு வாசலில் ஒரு கூட்டம் காத்திருந்தது. அடுத்த ஆண்டுப் பட்டத்துக்கு இப்போதே வந்துவிட்டவர்கள். ஆளுக்கொரு உயிர் கையில் முனகிக்கொண்டிருந்தது. ஆவுடை ஒருவரையும் வாழ்த்தவில்லை, ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. யார் ஒடித்தாலும் எலும்பு வலிக்கத்தானே செய்யும்? உட்கார்ந்து உளுந்துமாவைக் குழைத்தாள்.

ஆகையால் அறிந்துகொள்ளுங்கள்: புகழுக்காகப் பிறந்த கருணை, ஆற்றுவதற்குப் புண் கிடைக்காதபோது புண்ணைத் தானே உண்டாக்கும்.