வடிவாம்பாளின் கைகள்

பொதிகை மலையடிவாரத்தில், மலையேற வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் சிறிய மடம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் மங்கை அம்மை. அவருடைய சீடர்களில் வடிவாம்பாள்தான் மூத்தவள். அம்மையைவிடவும் வயதில் பெரியவள். கணவர் இறந்தபின் மடத்துக்கு வந்தவள். அடுப்படி முழுக்க அவள் பொறுப்பு.

முதலில் விரல் கணுக்கள் வீங்கின. இரண்டு கைகளிலும் ஒன்றுபோல வீங்கின. காலையில் விரல்கள் மடங்கவே மடங்காது. பனிக்காற்று என்று நினைத்துக்கொண்டாள். மற்றவர்கள் எழுவதற்கு முன்பே எழுந்து, வெந்நீரில் கைகளை அமிழ்த்தி வைத்திருப்பாள். விரல்கள் இளகிய பிறகுதான் எல்லோர் முன்னாலும் வருவாள்.

வலி வரும், போகும். போன நாட்களில், சரியாகிவிட்டது என்று நம்பினாள்.

பிறகு மணிக்கட்டு பிடித்துக்கொண்டது. அதன்பின் முழங்கால், பாதம். வருடங்கள் போகப்போக விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்தன. ஒரு வேலையும் செய்யாத நாளில்கூட உடம்பு அடித்துப்போட்டது போலக் கிடந்தது. அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மைதான் கவனித்து, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

"முடக்குவாதம்," என்றார் டாக்டர். "உடம்பைக் காக்கிற சக்தியே மூட்டைப் பகைன்னு நினைச்சுத் தாக்குது. மாத்திரை குடுத்து இனிமே ரொம்ப மோசமாகாமப் பார்த்துக்கலாம். கோணினது நிமிராது. முன்னாடியே வந்திருக்கலாமேம்மா?"

வடிவாம்பாள் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மாத்திரை சாப்பிட்டாள். வீக்கம் வற்றியது. ஆனால் கஞ்சிப் பானையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. உடன் சமைக்கும் உண்ணாமலை பிடிக்க வந்தால் முறைப்பாள்.

ஒரு நாள் காலை பானை நழுவியது. பந்தியைப் பார்க்க வந்த அம்மையின் வலது காலில் கொதிக்கும் கஞ்சி கொட்டியது.

உண்ணாமலை ஓடிவந்து தண்ணீர் ஊற்றினாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் வடிவாம்பாள் துணிமூட்டையோடு அம்மையின் அறைக்குள் வந்தாள்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?"

"தெரியல அம்மை."

"யார் போகச் சொன்னா?"

"யாரும் சொல்லல. இந்தக் கையால ஒரு பிடி சோறு பிசைய முடியல. உங்க காலையும் வேக வச்சுட்டேன். இனி எதுக்கு நான் இங்க? உட்கார வச்சுச் சோறு போடவா?"

அம்மை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கட்டுப் போட்ட காலை ஊன்றியதும் தடுமாறினார்.

வடிவாம்பாள் மூட்டையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். விரல்களால் பிடிக்க முடியவில்லை. முழங்கையை அம்மையின் இடுப்பில் கொடுத்துத் தாங்கி, கட்டிலில் உட்கார வைத்தாள்.

"பார்த்தீங்களா, என்னால நிக்க முடியல," என்றார் அம்மை. "நானும் உங்ககூடக் கிளம்பிடட்டுமா?"

"உங்க புண்ணு ஆறிடும் அம்மை. என் கை நிமிராதே."

"ஆறலைன்னா?"

"அப்படிச் சொல்லாதீங்க."

"சொல்லத்தானே வேணும். காலம் பூரா நான் படுத்தே கிடந்தா, தூக்கி வெளிய வச்சிடுவீங்களா?"

"என்ன பேச்சு அம்மை இது! நான் ஒருத்தி இருக்கேன்ல? பார்த்துக்க மாட்டேனா?"

கதவருகே உண்ணாமலை, அம்மைக்கான பாலோடு உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தாள். அம்மை அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு வடிவாம்பாளிடம் திரும்பினார்.

"நீங்க இப்பச் சொன்னதைத்தான் அவளும் உங்ககிட்டச் சொல்ல நினைக்கிறா. நீங்கதான் அக்கா, அவளைச் சொல்ல விடல."