முதல் போணிக்கு வந்த புறா

குளத்தங்கரை நாவல் மரத்தடியில் ஒரு நரி மளிகைக் கடை வைத்திருந்தது. தினை, கம்பு, சாமை எல்லாம் அங்கே கிடைக்கும். விலை மட்டும்தான் யாருக்கும் பிடிபடாது.

அந்தக் காட்டில் குன்றிமணிதான் காசு. மயில் வந்து கேட்டால் ஓர் உழக்குத் தினை மூன்று மணி. அதே தினையை அதே உழக்கில் முயல் கேட்டால் ஐந்து மணி. ஏன் என்று கேட்டால், "சரக்கு வர்ற விலை அப்படி" என்று நரி வானத்தைப் பார்க்கும்.

ஒருநாள் சாயங்காலம் ஒரு புறா கடைக்குப் பறந்து வந்தது. அதன் ஜோடியான ஆண்புறா முள்ளில் சிறகு கிழிந்து கூட்டில் கிடந்தது. குஞ்சுகள் இரண்டும் பசியில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மேற்கே மழை கறுத்து நின்றது. அது பிடித்துக்கொண்டால் இரை தேட வெளியே தலைகாட்ட முடியாது.

"அண்ணாச்சி, ஓர் உழக்குத் தினை குடுங்க. புள்ளைங்க காலையிலேர்ந்து பட்டினி. மழை வேற வருது. உங்களை விட்டா எனக்கு வேற கடை ஏது?"

நரி அதன் முகத்தை ஒருமுறை பார்த்தது. மேகத்தை ஒருமுறை பார்த்தது.

"ஒன்பது மணி, தாயி."

"ஒன்பதா! மத்தியானம் மயிலுக்கு மூணுன்னு அளந்தீங்களே?"

"அது மத்தியான விலை."

புறாவிடம் இருந்தது நான்கே மணி. அது வெறுங்கையோடு திரும்பியது.

கடை இருந்த அந்த நாவல் மரத்தின் மேல்கிளையில் ஒரு கரிச்சான் குருவி குடியிருந்தது. பருந்தையே துரத்தியடிக்கிற கோபக்காரன். புறா சொன்னதைக் கேட்டதும் அதன் வால் துடித்தது.

"இரு, அந்தப் பயல் மூக்குல நாலு கொத்து கொத்திட்டு வர்றேன்."

"வேணாம் அண்ணே. கொத்தினா ரத்தம்தான் வரும், தினை வராது."

கரிச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, நீ அவன்கிட்ட என்னன்னு கேட்டே?"

புறா சொன்னது.

"கெடுத்தியே காரியத்தை! பட்டினியைச் சொன்னே, மழையைச் சொன்னே, வேற கடை இல்லைன்னும் சொன்னே. அப்புறம் அவன் எதுக்குத் தினையைப் பார்த்து விலை சொல்றான்? உன்னைப் பார்த்துச் சொல்லிட்டான்."

"இல்லாததையா சொன்னேன்?"

"இருக்குதுதான். அதைக் கூட்டுலயே வெச்சுட்டுப் போகணும்." கரிச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "இந்தக் காட்டுல முதல்ல கண்ணு முழிக்கிறவன் நான். தினமும் பார்க்கிறேன். முதல் போணி ஆகிற வரைக்கும் அந்த நரி பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டான். முதல்ல வந்தவங்க வாங்காமப் போயிட்டா அன்னிக்கு யாவாரமே படுத்துடும்னு அவனுக்கு நடுக்கம். நாளைக்குப் போணிக்கு நீ போ. விலை கேளு, உன் விலையைச் சொல்லு. படியலைன்னா திரும்பி நட."

"அவர் கூப்பிடலைன்னா?"

"அது எனக்கும் தெரியாது, தங்கச்சி."

விடியும்போது கரிச்சான் குரல் கொடுத்ததும் புறா கிளம்பியது. நரி கடைவாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது. புறாவுக்குப் பின்னால் முயலும் அணிலும் வந்து நின்றன.

"தினை என்ன விலை அண்ணாச்சி?"

"அதான் நேத்தே சொன்னேனே, ஒன்பது."

"மூணுன்னா அளங்க."

"மூணா? விடிஞ்சும் விடியாததுமா விளையாட வந்தியா?"

"சரி, வர்றேன் அண்ணாச்சி."

புறா திரும்பி ஓர் அடி வைத்தது. மழையின் முதல் துளி அதன் முதுகில் விழுந்தது. குஞ்சுகளின் பிளந்த வாய் கண்முன் நின்றது. திரும்பிப் போய்க் காலில் விழு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. புறா இன்னோர் அடி வைத்துச் சிறகை விரித்தது.

"ஏ தாயி, நில்லு! போணி நேரத்துல வெறுங்கையோட போகாதே. நாலு குடு."

புறாவிடம் சரியாக நான்கு மணி இருந்தது. ஆனாலும் அது முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொன்னது.

"மூணு. கொசுறா ஒரு பிடி கம்பும் போடுங்க."

நரி பல்லைக் கடித்துக்கொண்டு அளந்தது. மூன்று மணியையும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. உழக்கைக் கீழே வைப்பதற்குள் முயல் முன்னால் வந்தது.

"எனக்கும் மூணுதானே அண்ணாச்சி?"

"கொசுறு எல்லாருக்கும் உண்டுல்ல?" என்றது அணில்.

மழை கொட்டும் முன்பே புறா கூடு போய்ச் சேர்ந்தது.

கஷ்டத்தை முகத்தில் ஏந்திக்கொண்டு கடைக்குப் போனால், பொருளின் விலையோடு அந்தக் கஷ்டத்தின் விலையையும் நாம்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.