நாலு மணி வகுப்பு

சுற்றிலும் உப்பளங்கள் கொண்ட ஊர் அது. அங்கே ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் இன்னும் வாசிக்க வராத பிள்ளைகளுக்கு மாலை நாலு மணியிலிருந்து ஐந்து வரை தனி வகுப்பு உண்டு. அதை நடத்தியவர் சகாயமேரி டீச்சர். வயது முப்பத்தாறு. அந்த வகுப்பில் உட்கார்ந்த எந்தப் பிள்ளையும் வாசிக்க வராமல் வெளியே போனதில்லை என்று அக்கம்பக்கத்து ஊர்களில் பேச்சு இருந்தது.

நமச்சிவாயம் கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் தமிழ் இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கு வந்தார்.

“இந்த வேலையை எனக்கும் கத்துக் கொடுங்க டீச்சர்” என்றார்.

“உங்களுக்கு என்ன தெரியும் சார்?”

“தமிழ் தெரியும்.”

“அது கொஞ்சம் இடைஞ்சல்தான். பரவாயில்லை, உட்காருங்க.”

அவரிடம் ஒரே ஒரு பிள்ளையை ஒப்படைத்தார் டீச்சர். பெயர் இசக்கியம்மாள். ஏழாம் வகுப்பு. ஒல்லியான, யார் முகத்தையும் நேராகப் பார்க்காத பெண்.

நமச்சிவாயம் அவள் நோட்டை வாங்கிப் பார்த்தார். அச்சில் வார்த்தது போன்ற கையெழுத்து. ஓர் அடித்தல் இல்லை, ஒரு பிழை இல்லை. டீச்சரிடம் கொண்டு போய்க் காட்டினார்.

“இந்தப் பிள்ளையை எதுக்கு இந்த வகுப்புல வச்சிருக்கீங்க?”

“ஒரு வாரம் பாருங்க சார்.”

பாடப் புத்தகத்தை நீட்டினால் இசக்கி தடங்கலின்றிச் சொன்னாள். ஆறாம் நாள் நமச்சிவாயம் கையில் செய்தித்தாள் இருந்தது. ஏதோ நினைவில் அதை நீட்டி, “இந்த வரியைப் படி” என்றார்.

வயிறு வலிக்கிறது என்றாள்.

அவருக்கு விளங்கிவிட்டது. அன்று மாலை பிள்ளைகள் போன பிறகு படபடப்புடன் சொன்னார். “ஓர் எழுத்துகூடத் தெரியாது டீச்சர் அவளுக்கு. எழுத்தைப் படம் மாதிரி வரையறா. ஏழு வருஷமா எல்லாரையும் ஏமாத்தியிருக்கா!”

“எப்படி ஏமாத்தினான்னு கேட்டீங்களா?”

“இல்லை.”

“கேளுங்க.”

மறுநாள் கேட்டார். தலை நிமிராமல் இசக்கி சொன்னாள். பக்கத்தில் இருக்கும் பிள்ளை படிப்பதை இரண்டு தடவை கேட்டால் அவளுக்கு மனதில் நின்றுவிடும். எந்தப் படத்துக்குக் கீழே எந்தப் பாடம் என்று தெரியும். பஸ்ஸை அதன் கண்ணாடியில் ஒட்டிய சாமி படத்தை வைத்துக் கண்டுபிடிப்பாள். எந்த டீச்சர் எந்தக் கிழமையில் எழுப்பிப் படிக்கச் சொல்வார் என்று தெரியும். அந்தக் கிழமைகளில் வயிறு வலிக்கும்.

நமச்சிவாயம் இதை அப்படியே டீச்சரிடம் சொன்னார்.

டீச்சர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். “உங்க காலேஜ்ல இவ்வளவு உழைச்ச பிள்ளை எத்தனை பேர் சார்?”



அடுத்த நாள் நமச்சிவாயம் முறையாகத் தொடங்கினார். முதல் வகுப்புப் புத்தகத்தை வாங்கி வந்தார். அணில், ஆடு, இலை. பெரிய பெரிய எழுத்து, வண்ணப் படம். அதை இசக்கியின் முன் விரித்து, “அ, அணில்” என்றார். அவளும் மெல்லிய குரலில் சொன்னாள். ஜன்னல் பக்கம் அவள் வகுப்புப் பிள்ளைகள் இருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் இசக்கி வகுப்புக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கே வரவில்லை.

“நான் கோபப்படலை, அடிக்கலை. பொறுமையா, அடியிலேருந்து ஆரம்பிச்சேன். ஏன் வரலை?” என்று கேட்டார் நமச்சிவாயம்.

டீச்சர் எழுந்து போனார். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு குட்டி நாற்காலியை எடுத்து வந்தார். முற்றத்தின் நடுவில் போட்டார்.

“இதுல உட்காருங்க சார்.”

“எவ்வளவு நேரம்?”

“மணி அடிக்கிற வரைக்கும்.”

அறுபத்தொரு வயதுக்காரர் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்தன. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு கடந்தார்கள். சத்துணவுக்கூடத்து அம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே யாரையோ கூப்பிட்டாள். நாற்பது நிமிடம் கழித்து மணி அடித்தது. எழுந்திருக்க அவருக்கு ஒரு கை தேவைப்பட்டது. டீச்சர் கொடுத்தார்.

நமச்சிவாயம் அணில் புத்தகத்தை எடுத்துப் பீரோவில் வைத்துச் சாத்தினார். பிறகு இசக்கியின் வீட்டுக்குப் போனார்.

அவள் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா செல்லக்கனி உப்பளத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். கால் வெடிப்புகளில் உப்பு.

“எதுக்கு சார் இவ்வளவு தூரம் வாரீங்க? அவ அரையாண்டுப் பரீட்சை வரைக்கும்தான். லீவு விட்டதும் அவ அக்கா வேலை பாக்கிற மில்லுக்கு அனுப்பப் போறேன். ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருந்தா எனக்கும் நிம்மதி.”

“பதிமூணு வயசும்மா அவளுக்கு.”

“எங்கள்ல எல்லாரும் அப்படித்தான் சார் போறாவ. மூத்தவளும் நல்லாத்தான் இருக்கேன்னு மெசேஜ் போட்டிருக்கா.”

நமச்சிவாயம் இசக்கியின் அருகில் தரையில் அமர்ந்தார். “அணில் வேண்டாம். உனக்கு எதைப் படிக்கணும்னு ஆசை?”

அவள் கையில் சாம்பலோடு யோசித்தாள்.

“அக்கா மெசேஜு” என்றாள். “அம்மா போன்ல வரும். எங்க ரெண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது. தங்கபுஷ்பம் அத்தைதான் படிச்சுச் சொல்லுதாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “முழுசா சொல்லுதாங்களான்னு தெரியாது சார்.”

“அக்கா போன் பேச மாட்டாளா?”

“ஞாயித்துக்கிழமை அஞ்சு நிமிஷம். ஹாஸ்டல் வார்டன் பக்கத்துலயே நிப்பாங்களாம். மெசேஜு, அவகூட வேலை பாக்கிற வேற ஒரு அக்கா போன்லேருந்து வரும்.”

தங்கபுஷ்பம் யார் என்று நமச்சிவாயம் விசாரித்தார். பக்கத்து வீட்டுக்காரி. ஊரிலிருந்து மில்லுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுபவள்.

மறுநாள் நாலு மணிக்கு இசக்கி வந்தாள். முந்தின இரவு அம்மாவின் போனைப் பார்த்துக் கடைசியாக வந்த மெசேஜை நோட்டில் அப்படியே வரைந்து கொண்டு வந்திருந்தாள். ஒரு புள்ளி தவறவில்லை. நமச்சிவாயம் அதைப் பார்த்தார்.

‘அம்மா இசக்கிய இங்க அனுப்பாத. என்னால இங்க இருக்க முடியல. என்னையும் வந்து கூட்டிட்டுப் போ.’

“அத்தை இதை என்னன்னு படிச்சாங்க?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கேன், தங்கச்சிய சீக்கிரம் அனுப்புன்னு.”

நமச்சிவாயம் நோட்டை மூடினார். “ஒரு நிமிஷம் இரு” என்று சொல்லிவிட்டு டீச்சரிடம் போனார்.

“இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. இப்பவே போய் அவ அம்மாகிட்டப் படிச்சுச் சொல்லிடட்டுமா?”

டீச்சர் நோட்டைப் பார்த்தார்.

“ஏற்கெனவே ஒருத்தங்க படிச்சுச் சொல்லிட்டாங்க சார். நீங்க இன்னொருத்தர். அந்தம்மா யாரை நம்புவாங்க?”

“அதுக்காக?”

“லீவு விட எத்தனை நாள் இருக்கு?”

“பதினெட்டு.”

“அப்ப அவளையே படிக்க வைக்க உங்களுக்குப் பதினேழு நாள் இருக்கு. முடியலைன்னா பதினெட்டாவது நாள் நானும் கூட வர்றேன். ரெண்டு பேருமா போய்ச் சொல்லுவோம்.”

“மூத்த பொண்ணு அதுவரைக்கும் அங்கே இருக்கணுமே.”

“அது எனக்கும் தெரியும் சார். இன்னைக்கு உப்பளத்து ஆளுங்க மூலமா அந்த ஊர்ல விசாரிக்கச் சொல்றேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க.”

நமச்சிவாயம் திரும்பி வந்து உட்கார்ந்தார். நோட்டில் இருந்ததை அவர் வாயால் சொல்லவில்லை. அதில் இருந்த எழுத்துகளை வேறு சொற்களில் தேடிப் பிடித்தார். அவள் பெயரிலிருந்து ‘இ’. உப்பிலிருந்து ‘ப்’. தங்கச்சியிலிருந்து ‘ங்’. சாக்கடைக்குப் பக்கத்தில் கிடந்த தீப்பெட்டியின் மேல் ஓர் எழுத்து, சத்துணவு மூட்டையின் மேல் ஓர் எழுத்து. வரைந்து பழகிய கை அவளுடையது. வடிவம் எல்லாம் ஏற்கெனவே அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலி உண்டு என்பதுதான் தெரியாமல் இருந்தது.

ஐந்தாம் நாள் ‘அம்மா’ வந்தது. ஒன்பதாம் நாள் அவளே தன் பெயரைக் கண்டுபிடித்தாள். “என் பேரு எதுக்கு சார் இதுல இருக்கு?”

“நீதான் சொல்லணும்” என்றார்.

ஐந்து மணிக்குப் பிறகும் உட்கார்ந்தாள். விளக்கு வைக்கும் நேரம் வரை உட்கார்ந்தாள். நமச்சிவாயத்துக்கு ஒவ்வொரு நாளும் நாக்கின் நுனி வரை அந்த வரி வந்தது. விழுங்கினார். மில் இருக்கும் ஊரிலிருந்து, பிள்ளைக்கு ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் வெளியே விடுவதில்லை என்று தகவல் வந்தது.

பதினாலாம் நாள் இசக்கி விரலை வைத்து நகர்த்தினாள். “அ… னு… ப்… பா… த.” நின்றாள். முதலிலிருந்து மறுபடி படித்தாள். கடைசி வரிக்குப் போனாள். அதையும் படித்தாள்.

அழவில்லை. நோட்டைப் பையில் வைத்தாள். வகுப்பு முடியும் முன்பே எழுந்து போனாள். நமச்சிவாயம் தடுக்கவில்லை.

வீட்டில் நடந்ததை மறுநாள் சொன்னாள். போனை வாங்கி அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். செல்லக்கனி நம்பவில்லை. மில்லுக்குப் போகப் பிடிக்காமல் புளுகுகிறாள் என்று அடித்திருக்கிறாள். பிறகு என்ன நினைத்தாளோ, நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து நீட்டினாள். “இதைப் படி.”

இசக்கி ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். செல்லக்கனி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அடுத்த தெருப் பலசரக்குக் கடைக்குப் போனாள். மகள் படித்ததை முன்னதாகச் சொல்லாமல், கடைக்காரரைப் படிக்கச் சொன்னாள். அவரும் அதையேதான் படித்தார்.

அன்றே செல்லக்கனி தங்கபுஷ்பத்தின் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பினாள். பிறகு மில் இருக்கும் ஊருக்குப் பஸ் ஏறினாள். மூன்றாம் நாள் மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது இசக்கி வழக்கம்போல் வந்தாள்.

தை மாதம் வட்டார அலுவலகத்திலிருந்து சோதிக்க வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐம்பது சொல் கொண்ட ஒரு பத்தி. ஒரு நிமிடத்தில் வாசிக்க வேண்டும். முடிவைப் படிவத்தில் கற்பிப்பவரே எழுதி, சகாயமேரி டீச்சர் கையெழுத்துடன் அனுப்ப வேண்டும்.

மாலையில் நமச்சிவாயம் படிவத்தோடு வந்தார்.

“நாலு நிமிஷம் ஆச்சு டீச்சர். ஆனா ஒரு சொல்லைக்கூட விடலை.”

“நல்லது.”

“இதுல ரெண்டு கட்டம்தான் இருக்கு. அடைந்தார், அடையவில்லை. நான் ‘அடைந்தார்’னு போடப் போறேன்.”

“ஒரு நிமிஷம்தானே கணக்கு?”

“அந்தப் பிள்ளை வாசிச்ச வாசிப்பு ஒரு குடும்பத்தையே காப்பாத்தியிருக்கு. அவளைப் போய் அடையவில்லைன்னு எழுத என் கை வரலை.”

“அடைந்தார்னு போட்டா நாளையிலேருந்து அவ நாலு மணிக்கு வீட்டுக்குப் போயிடணும் சார். அடையவில்லைன்னா அடுத்த வருஷமும் அவளுக்கு இந்த வகுப்புல இடம் உண்டு.”

நமச்சிவாயம் பேனாவைத் திறந்தார். ‘அடையவில்லை’ என்று எழுதினார். எழுதி முடித்ததும் தாளின் அடியில் இன்னொரு வரி இருப்பதைப் பார்த்தார். கற்பிக்க வந்த தன்னார்வலரைப் பற்றிப் பொறுப்பாசிரியரின் குறிப்பு.

“இதுல என்னைப் பத்தி என்ன எழுதப் போறீங்க டீச்சர்?”

சகாயமேரி டீச்சர் படிவத்தை வாங்கிக்கொண்டார்.

“அதையேதான் சார்.”