இமை ஊதிய அம்மையார்

மரம் முளைக்காத மலைநாடு அது. அடுப்பு எரிய வேண்டுமென்றால், லாமா என்ற கம்பளி மிருகங்கள் போட்ட புழுக்கைதான் விறகு. அந்தப் புழுக்கையைப் பொறுக்கி, உலர்த்தி, வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுத்து, அவர்கள் தரும் வெந்த கிழங்கில் வயிறு கழுவியவர் சிஸா அம்மையார். ஆண்டிஸ் மலையில் இன்கா மன்னர்களின் ஆட்சி பரவிக்கொண்டிருந்த நாளில் வாழ்ந்தவர். கணவரைப் பனிச்சரிவு கொண்டு போயிருந்தது. பிள்ளைகள் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு கூடையும் ஒரு சாமியும்.

சாமி என்றால், ஊருக்கு மேலே ஊற்றுவாயில் நின்ற ஒரு கருங்கல். ஊற்றுடையார் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். வசதி உள்ளவர்கள் அவருக்குச் சோளக் கள் வார்ப்பார்கள், கம்பளித் துணி சாத்துவார்கள். ஒன்றுமில்லாதவர்கள் இமையில் ஒரு முடியைப் பிடுங்கி, விரல் நுனியில் வைத்து, சாமியை நோக்கி ஊதினால் போதும். அந்நாட்டு வழக்கம் அது. மற்றவர்கள் திருவிழாவுக்கு ஒன்று ஊதுவார்கள். அம்மையாரோ விடியல்தோறும் ஊதினார். முளைப்பதற்குள் பிடுங்கினால் இமை என்ன ஆகும்? தூசியும் காற்றும் தடையில்லாமல் புகுந்து, கண் எந்நேரமும் சிவந்து வழிந்தது.

ஊர் அவருக்கு மொட்டைக்கண்ணி என்று பேர் வைத்தது. "இமை தீர்ந்துபோச்சு, அடுத்து புருவமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

"அவரு கேட்டா குடுக்க வேண்டியதுதான்" என்பார் அம்மையார். கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார்.

இன்கா படை வந்தது. சண்டையில்லாமல் ஊர் பணிந்தது. பணிந்த ஊரின் சாமியைத் தலைநகரான குஸ்கோவுக்குத் தூக்கிப் போய் வைத்துக்கொள்வது அந்தப் பேரரசின் வழக்கம். வாயால் விருந்தாளி என்பார்கள். பிணை என்று எல்லோருக்கும் தெரியும். சாமி கையில் இருந்தால் ஊர் வாலாட்டாதாம். நல்ல கெட்டிக்காரத்தனம்தான், நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது!

கூடப் போய்ப் பணிவிடை செய்ய ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். ஊர் தரையைப் பார்த்தது. அம்மையார் கூடையோடு வந்து, சாமியை ஏற்றியிருந்த பல்லக்கின் அருகில் நின்றார்.

குஸ்கோவில் பிணைச் சாமிகளை வைத்திருந்த மண்டபத்தை அவர் பெருக்கினார். அங்கேயும் விடிந்ததும் இமை ஊதினார். ஆனால் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஊற்றில் நிற்க வேண்டியவர் இப்படி ஈரமில்லாத தரையில் நிற்கிறாரே என்று, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

அவர் பயந்தபடியே சேதி வந்தது. சாமி போனதும் ஊற்று வற்றிவிட்டது. தண்ணீர் இல்லாத ஊர், மன்னரின் வேலைக்கு ஆள் அனுப்ப மறுத்துவிட்டது. உடனே ஆணை பிறந்தது: ஊர் பணியும்வரை அவர்கள் சாமியைத் தினமும் சதுக்கத்தில் நிறுத்திச் சாட்டையால் அடிக்க வேண்டும்.

கேட்ட நொடியிலிருந்து அம்மையாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், வாசலுக்கும் மண்டபத்துக்குமாக நடந்தார். கடைசியில் சூரியக் கோயில் பெரிய பூசாரியின் வழியை மறித்து நின்றார்.

"ஐயா, கல்ல அடிச்சா யாருக்கு வலிக்கும்?"

"உங்க ஊருக்குத்தான். வேற யாருக்கு?"

"அப்போ என்னைய அடிங்க. நானும் அந்த ஊர்தானே?"

பூசாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா, உன்னை அடிச்சா எவன் பயப்படுவான்?"

மறுநாள் காலை சதுக்கம் நிரம்பி வழிந்தது. ஊற்றுடையாரை நடுவில் நிறுத்தினார்கள். சாட்டைக்காரன் கையை ஓங்குமுன் அம்மையார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். "கும்பிட்டுட்டுப் போகட்டும், விடு" என்றார் பூசாரி.

அம்மையார் வலக்கண் இமையைத் தடவினார். இடக்கண்ணைத் தடவினார். கவலையில் இரவெல்லாம் பிடுங்கிப் பிடுங்கி ஊதியதில் ஒன்றுகூட மிச்சமில்லை.

"இன்னிக்கு இல்லையப்பா. இருந்தா தரமாட்டேனா?" என்று அழுதுகொண்டே, வெறும் விரலை நீட்டி ஊதினார். கூட்டம் சிரித்தது. அவர் கல்லைக் கட்டிக்கொண்டார். இரண்டு வீரர்கள் பிடித்து இழுத்து அப்பால் தள்ளினார்கள்.

முதல் அடி விழுந்தது.

கல் வெடித்தது. வெடிப்பு ஒரு கண்ணைப் போல நீண்டு திறந்தது. அதன் மேலும் கீழும், வரிசை கலையாமல், கருத்த இமைமுடிகள் நின்றன. அம்மையார் ஆண்டாண்டாய் ஊதிய அத்தனையும் அங்கே இருந்தன! அந்த இமைகளை நனைத்துக்கொண்டு தண்ணீர் வழிந்தது. சாட்டைக்காரன் சாட்டையைப் போட்டுவிட்டு விழுந்து கும்பிட்டான்.

பூசாரி கல்லின் கண்ணைப் பார்த்தார். தரையில் கிடந்த அம்மையாரின் மொட்டைக் கண்களைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தம் இமையில் ஒரு முடியைப் பிடுங்கி, கல்லை நோக்கி ஊதினார். காற்று திரும்பியது. அந்த முடி சாமியிடம் போகாமல் அம்மையாரின் கன்னத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

"இந்தச் சாமியை ஊருக்குக் கொண்டு போங்க" என்றார் பூசாரி. "மன்னர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். இவரை இங்க வச்சுக்க நமக்குத் திராணி இல்லை."

திரும்பும் வழியெல்லாம் அம்மையார் பல்லக்குக்கு முன்னே ஓடுவதும், "மெல்லப்பா, மெல்ல, குலுங்குது பாரு" என்று பின்னே வருவதுமாகவே இருந்தார். ஊற்றுவாயில் சாமியை நிறுத்தியதும் நீர் பொங்கியது. அப்போதுதான் அவர் உட்கார்ந்தார்.

மறுநாள் மறுபடியும் புழுக்கை பொறுக்கத்தான் போனார். இருந்ததையெல்லாம் கொடுத்தவர் அவர். கொடுத்ததில் ஒன்றைக்கூடத் தொலைக்காமல் வைத்திருந்தார் அவருடைய சாமி. சிஸா அம்மையாரின் சிவந்த கண்களுக்கு நம் கும்பிடு.