நாற்பத்து மூன்று பேர்

"சிவப்பு குறையவே மாட்டேங்குது, மேடம்" என்றார் திருஞானம்.

ஷமீமா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு இருக்கு?"

"பதினோராயிரத்து நானூத்திப் பன்னெண்டு."

"நேத்து?"

"பதினோராயிரத்து அறுநூறு."

"குறைஞ்சிருக்கே."

"இந்த வேகத்துல போனா இன்னும் ரெண்டு மாசம் ஆகும். வெள்ளிக்கிழமை போர்டு மீட்டிங். எம்.டி. ஒரே ஒரு கேள்விதான் கேப்பாரு. சிவப்பு எவ்வளவு?"

ஷமீமா டீயைக் குடித்தார்.

திருஞானத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. நாற்பது ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு மருத்துவப் பரிசோதனை நிறுவனத்தில், திருச்சி தலைமை அலுவலகத்தில், இருபத்தாறு வருடம் ஸ்டோர்ஸ் பார்த்தவர். ஊசி, குப்பி, பஞ்சு என்று எதுவும் அவர் காலத்தில் காணாமல் போனதில்லை. நோயாளிகளின் விவரங்களைப் பாதுகாக்க ஓர் அதிகாரி வேண்டும் என்ற நிலை வந்தபோது எம்.டி. அவரைத்தான் கூப்பிட்டார்.

"சாமானைக் காப்பாத்தின மாதிரி இதையும் காப்பாத்துங்க."

அவருக்குக் கணினி அவ்வளவாகத் தெரியாது. கற்றுக்கொள்ள ஷமீமாவிடம் அனுப்பினார்கள்.

ஷமீமா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். முதலில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்த்தார். பிறகு விவரங்களைப் பாதுகாக்கும் இந்தத் துறையைப் படித்தார். இப்போது பல நிறுவனங்களுக்குச் சொல்லித் தருகிறார். அதிகம் பேச மாட்டார். அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் அவரைப் பற்றிச் சொல்லும் ஒரே குறையும் அதுதான்.

இந்தச் சிவப்புக் கணக்கைத் திரையில் காட்டும் டாஷ்போர்டை அமைத்துக் கொடுத்தவர் அவர்தான். நாற்பது கிளைகளின் கணினிகளிலும், எந்தெந்த ஃபைலில் நோயாளிகளின் பெயரும் போன் நம்பரும் பரிசோதனை முடிவும் கிடக்கின்றன என்று அது தேடிக் கண்டுபிடிக்கும். பார்க்க வேண்டியவர் மட்டும் பார்க்கும்படி பூட்டியிருந்தால் பச்சை. கண்டவரும் திறக்கும்படி கிடந்தால் சிவப்பு.

"இன்னொரு வழி இருக்காம்" என்றார் திருஞானம், குரலைத் தாழ்த்தி. "கம்ப்யூட்டர் செக்ஷன்ல சொன்னாங்க. ஆறு மாசத்துக்கு முந்தின ஃபைலையெல்லாம் தேட வேண்டாம்னு ஒரு இடத்துல மாத்திட்டா, பாதிக்கு மேல காணாமப் போயிடுமாம். செய்யலாமா?"

ஷமீமா கையை நீட்டி மானிட்டரின் சுவிட்சை அணைத்தார்.

திரை கறுத்தது.

"இப்ப எவ்வளவு சிவப்பு?"

"ஒண்ணும் தெரியலையே, மேடம்."

"மீட்டிங்குக்கு இது போதுமா?"

திருஞானம் கொஞ்ச நேரம் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து தன் இடத்துக்குப் போனார்.

*

புதன்கிழமை வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

"ஒன்பதாயிரத்து முப்பது" என்றார். "எதையும் மறைக்கலை. பெரிய ஃபோல்டரா பாத்துப் பாத்துப் பூட்டினேன். ஒண்ணைப் பூட்டினா முந்நூறு, நானூறுன்னு குறையுது."

"எத்தனை பேர்?"

"எந்தப் பேர்?"

"அந்த ஒன்பதாயிரத்துல."

"அது ஃபைல் கணக்கு, மேடம்."

"ஃபைலுக்குக் காய்ச்சல் வராது, சார்."

திருஞானம் இருபத்தாறு வருடம் பெட்டிகளை எண்ணியவர். பெட்டிக்குள் இருப்பதை யார் உடம்பில் குத்துவார்கள் என்று அவர் யோசித்ததில்லை. யோசிக்கச் சொல்லி யாரும் சம்பளம் கொடுத்ததுமில்லை.

"சின்னதுல இருந்து பாருங்க" என்றார் ஷமீமா.

"ஒவ்வொண்ணாத்தான் குறையும்."

"குறையட்டும்."

திருஞானம் அங்கேயே உட்கார்ந்து வரிசையைத் தலைகீழாக மாற்றினார். மிகச் சிறியது மேலே வந்தது. கரூர் கிளை. ஃபைலின் பெயர், 'திரும்பக் கூப்பிட'.

திறந்தார்.

ஒரே ஒரு பக்கம். நாற்பத்து மூன்று வரிகள். பெயர், வயது, ஊர், போன் நம்பர். கடைசிக் கட்டத்தில் சளிப் பரிசோதனையின் முடிவு. நாற்பத்து மூன்று பேருக்கும் காசநோய்.

என்ன நடந்திருக்கும் என்று பார்த்ததுமே புரிந்தது. மறு பரிசோதனைக்கு அவர்களைக் கூப்பிட வேண்டும். கிளையில் ஐந்து பேரும் அவரவர் போனிலேயே பட்டியலைப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று யாரோ ஒருவர் 'லிங்க் இருந்தால் யாரும் திறக்கலாம்' என்று வைத்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. வேலை முடிந்ததும் மறந்துவிட்டார்கள். அது ஒன்பது மாதமாக அப்படியே கிடந்திருக்கிறது.

திருஞானம் பூட்டுவதற்காக மவுஸை நகர்த்தினார்.

ஷமீமா அவர் கைக்கு முன்னால் தன் உள்ளங்கையை வைத்தார்.

"யார் யார் திறந்திருக்காங்க?"

அதைப் பார்ப்பது எப்படி என்று திருஞானத்துக்குத் தெரியும். போன வாரம்தான் கற்றுக்கொண்டார். இரண்டு இடத்தில் அழுத்தினார்.

கரூர் கிளை ஊழியர்கள், ஐந்து பேர்.

அதற்குக் கீழே இன்னும் ஏழு பேர். ஒருவரும் நிறுவனத்தைச் சேர்ந்தவரில்லை. லிங்க் எங்கேயோ கை மாறிப் போயிருக்கிறது. ஏழு பேரில் ஒருவர் ஒரு துணி கம்பெனியின் அலுவலக மெயிலிலிருந்து திறந்திருந்தார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

திருஞானம் அந்தத் தேதிகளை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். பிறகு ஃபைலைப் பூட்டினார்.

சிவப்பு பச்சையானது. ஒன்பதாயிரத்து முப்பது, ஒன்பதாயிரத்து இருபத்தொன்பது ஆனது.

"முடிஞ்சுதா?" என்று ஷமீமா கேட்டார்.

திருஞானம் தேதிகள் குறித்த காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

*

நிறுவனத்தின் சட்ட விவகாரங்களைப் பார்ப்பவர் அனந்தநாராயணன். திருஞானம் நேராக அவர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்.

"பூட்டியாச்சுல்ல?" என்றார் அனந்தநாராயணன்.

"பூட்டியாச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே ஏழு பேர் பாத்துட்டாங்க. அந்த நாப்பத்து மூணு பேருக்கும் சொல்லணுமேன்னு..."

"யார்கிட்ட?"

"அவங்ககிட்டத்தான்."

அனந்தநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திருஞானம், நல்லா இருக்கற மனுஷன் நீங்க. இதுவரைக்கும் யாராவது வந்து புகார் கொடுத்தாங்களா?"

"இல்லை."

"அப்புறம் நாமளே வலியப் போய்ச் சொல்லி வம்பை விலைக்கு வாங்கணுமா? போர்டு பாத்து முடிவு பண்ணட்டும். எழுதிக் கொடுங்க. முறைப்படி ஒரு லெட்டர் தயார் பண்ணலாம். ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயும் பேச வேண்டாம்."

"இது உத்தரவா, சார்?"

"நண்பனாச் சொல்றேன்."

திருஞானம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

*

மறுநாள் காலை ஷமீமா வருவதற்கு முன்பே திருஞானம் அவர் அறை வாசலில் நின்றிருந்தார்.

"சொல்லணுமா, வேண்டாமா?"

"என்னையா கேக்கறீங்க?"

"வேற யாரைக் கேக்கறது?"

ஷமீமா மேஜையிலிருந்த தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினார்.

திருஞானம் அதைத் தொடவில்லை.

"வேலை போயிடும், மேடம்."

"போகலாம்."

"ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம் இருக்கு."

"தெரியும்."

"சொன்னா மட்டும் என்ன ஆகப் போகுது? பாத்தவங்க பாத்ததுதான். அதைத் திரும்ப எடுக்க முடியாது. தெரிஞ்சு அவங்க சங்கடப்படத்தான் போறாங்க."

"இருக்கலாம்."

"நீங்க என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"உங்க இடத்துல நான் இருந்திருக்கேன்."

"என்ன பண்ணீங்க?"

"பூட்டிட்டு வீட்டுக்குப் போனேன்."

மேலே ஏதாவது சொல்வார் என்று திருஞானம் காத்திருந்தார். ஷமீமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திருஞானம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஃபைலைத் திறந்தார். முதல் வரி. தெய்வானை, முப்பத்து நான்கு வயது, தாந்தோணிமலை.

எண்களை அழுத்தினார்.

நாலைந்து முறை மணி அடித்த பிறகு ஒரு பெண் குரல் கேட்டது. பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம்.

"யாருங்க?"

"தெய்வானையாம்மா?"

"ஆமாங்க."

"நான் திருச்சி லேபோட ஹெட் ஆபீஸ்ல இருந்து பேசறேன்மா. திருஞானம்னு பேரு."

"மாத்திரையெல்லாம் போட்டு முடிச்சாச்சுங்க" என்றது குரல், அவசரமாக. பலரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய அவசரம். "ஆறு மாசம் ஒரு நாள் விடலைங்க. கடைசி டெஸ்ட்லயும் ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சு. இன்னும் என்னங்க?"

"டெஸ்ட்டுக்கு இல்லைம்மா."

பேச வேண்டியதை அவர் நான்கு வரியாக எழுதி வைத்திருந்தார். அந்தக் காகிதம் சட்டைப் பையிலேயே இருந்தது.

"போன வருஷம் உங்க பேரு, நம்பர், டெஸ்ட் ரிசல்ட்டு எல்லாம் இருந்த ஒரு லிஸ்ட்டை நாங்க சரியாப் பூட்டி வைக்கலைம்மா. வெளி ஆளுங்க அதைப் பாத்திருக்காங்க. ஏழு பேரு. நேத்துதான் எங்களுக்கே தெரிஞ்சுது. உங்ககிட்ட சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்."

தையல் மெஷின் நின்றது.

"வெளி ஆளுங்கன்னா?"

"ஒருத்தர் ஏதோ துணி கம்பெனி ஆபீஸ்ல இருந்து பாத்திருக்காரு. மத்தவங்க யாருன்னு தெரியலை."

"எப்பங்க?"

"முதல் தடவை, ஜூன் பன்னெண்டு."



"பதிமூணாந்தேதிதானுங்க என்னைய வேலைக்கு வர வேண்டாம்னாங்க" என்றாள் தெய்வானை. "நானும் ஒரு துணி கம்பெனிலதான் பத்து வருசம் தச்சனுங்க. இப்ப வீட்ல வெச்சுத் தச்சுட்டிருக்கறேன்."

"மன்னிச்சுக்கங்கம்மா."



கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்துதான் எண்ணை அழுத்தினார். போலீஸ், வக்கீல், பத்திரிகை, எதைச் சொன்னாலும் இடைமறிக்கக் கூடாது என்று நினைத்திருந்தார்.

"ஏனுங்க" என்றாள்.

"சொல்லுங்கம்மா."

"இந்த நோவு வந்ததை நான் ஒரே ஒருத்தர்கிட்டத்தான் சொல்லியிருந்தனுங்க."

திருஞானம் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"எங்க அக்காகிட்ட. அவ வீட்டுக்காரரும் அதே கம்பெனில டிரைவருங்க. அவதான் சொல்லிட்டான்னு... ஒம்பது மாசமா அவகிட்டப் பேசறதில்லைங்க. அவ பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நான் போகலை. பத்திரிகை வைக்க வந்து வாசல்ல நின்னா. சாமி சத்தியமா நான் சொல்லலைடின்னு அழுதா. நான் கதவைத் திறக்கலைங்க."

ஷமீமா ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"அப்ப அவ சொல்லலைங்களா?"

"அவங்க சொல்லலைம்மா."

"நெசமாத்தானுங்களா?"

"நாங்கதான்மா."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"வெச்சர்றனுங்க" என்றாள் தெய்வானை. "அவளுக்குப் போன் போடோணும்."

லைன் துண்டானது.

திருஞானம் ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷமீமா மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தார்.

அவர் ஒரு வாய் குடித்தார். திரையைப் பார்த்தார். இரண்டாவது வரியில் விரலை வைத்தார்.

"இவருக்கு அறுபத்தேழு வயசு, மேடம். காது கேக்குமோ என்னவோ. கொஞ்சம் சத்தமாப் பேச வேண்டியிருக்கும்."

ஷமீமா எழுந்தார். வெளியே போய், பேச்சு யார் காதிலும் விழாதபடி கதவைச் சாத்தினார்.