ஆவுடையப்பன் சர்க்கரையை இறக்கிய கதை

வேம்படிக்குறிச்சிப் பக்கம் யார் வீட்டுக் கல்யாணமானாலும் சமையலுக்கு ஆவுடையப்பன் செட்டைத்தான் கூப்பிடுவார்கள். செட்டு என்றால் நாலே பேர். ஆவுடையப்பன் தலைமை. இனிப்புக்குக் கோயில்பிச்சை, குழம்பு பொரியலுக்கு வெயிலுமுத்து, அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் சங்கிலி. இவர்கள் கைப்பக்குவத்தைக் குறை சொன்ன ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது.

இவர்களை முட்டாள்கள் என்று சிலர் சொல்வதுண்டு. நான் சொல்லமாட்டேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அவ்வளவுதான். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தகப்பனார், "பந்தியைக் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கப் போனார். நாலு பேரும் வரிசையாக நின்று பந்தியைக் கவனித்தார்கள். கண் இமைக்காமல் கவனித்தார்கள். யாரும் பரிமாறவில்லை.

ஆவுடையப்பனுக்கு ஒரு கொள்கை உண்டு. தான் தின்று பார்க்காததை அடுத்தவன் இலையில் போடக் கூடாது. அதனால் ஒவ்வொரு ஈடு வடையிலும் இரண்டு தின்பார். லட்டு பிடிக்கும்போது மூன்று. பாயசத்தில் இனிப்பு சரியாக இருக்கிறதா என்று ஒரு தம்ளர் குடிப்பார். தன் நாக்கு சரியாகத்தான் சொன்னதா என்று இன்னொரு தம்ளர். முப்பது வருஷம் இப்படியே போனது.

ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில் சங்கிலி மூக்கை உறிஞ்சினான்.

"அண்ணாச்சி, என்னமோ கருகுது."

ஆவுடையப்பன் அப்பளத்தைப் பார்த்தார். கறிமசாலையைப் பார்த்தார். எல்லாம் பதமாக இருந்தன. கடைசியில் குனிந்து பார்த்தால் கருகிக்கொண்டிருந்தது அவருடைய குதிகால். அடுப்பிலிருந்து உருண்டு விழுந்த கங்கின் மேல் நின்றிருந்தார்.

"சுடலையா அண்ணாச்சி?" என்றான் கோயில்பிச்சை.

"ஒண்ணுமே தெரியலையேடே."

மூன்று பேரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"பூக்குழி எறங்குதவங்களுக்கே நாப்பது நாள் விரதம் வேணும்" என்றான் வெயிலுமுத்து. "நம்ம அண்ணாச்சிக்கு வடையைத் தின்னுக்கிட்டே அருள் வந்திருக்கு."

அருள் வந்த கால் இருபது நாளாகியும் ஆறவில்லை. சீழ் வைத்தது. ஆவுடையப்பனின் மனைவி பேச்சியம்மாள் மகள் பிரசவத்துக்காகத் தூத்துக்குடி போயிருந்தாள். போனில் விஷயத்தைக் கேட்டவள், "அருளும் மண்ணாங்கட்டியும். மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அவரு இனிமே உங்க மூணு பேரு பொறுப்பு" என்று சொல்லிவிட்டாள்.

சுகாதார நிலையத்தில் டாக்டர் பிரிஸ்கில்லா புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டுவிட்டு, "நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க, ரத்தம் எடுக்கணும்" என்றார்.

மறுநாள் காலை நாலு பேரும் சட்டை, பனியன் எதுவுமில்லாமல் வந்து நின்றார்கள்.

"என்ன இது?"

"வெறும் வயிறு, டாக்டரம்மா" என்று தொப்பையைத் தடவிக் காட்டினார் ஆவுடையப்பன்.

"சாப்பிட்டுட்டா வந்தீங்க?"

"பொங்கலும் வடையும்தான்."

டாக்டர் பொறுமையான மனுஷி. "ஒண்ணும் சாப்பிடாம வரணும், ஐயா" என்றார்.

அன்று சாயங்காலம் சமையல் கொட்டகையில் இதைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள்.

"ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னுதான சொன்னாங்க" என்றான் கோயில்பிச்சை. "ரெண்டைப் பத்தி ஒரு பேச்சும் வரலையே."

"நாலுன்னா இன்னும் பத்திரம்" என்றான் வெயிலுமுத்து. "ஒண்ணுக்கு ரொம்பத் தள்ளி இருக்கும்லா."

மறுநாள் நாலு இட்லியைத் தின்றுவிட்டுப் போனார் ஆவுடையப்பன். மூன்றாம் நாள் டாக்டர் விடிந்ததும் ஆளனுப்பி, அவரைப் பாயிலிருந்து எழுப்பி, பல் விளக்கக்கூட விடாமல் கூட்டிவரச் செய்தார்.

ரத்தத்தில் சர்க்கரை முன்னூற்று இருபது. கொழுப்பும் கூடுதல்.

"சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கு, கீழ இறக்கணும்" என்றார் டாக்டர். "இனிப்பை இனி கண்ணால பார்க்கக் கூடாது. எண்ணெய்ப் பலகாரத்தைக் கையால தொடக் கூடாது. இந்த மாத்திரை காலையும் ராத்திரியும் சாப்பாட்டுக்கு முன்னாடி."

மூன்று பேரும் வாய்ப்பாடு மாதிரி திருப்பிச் சொன்னார்கள். இவ்வளவு அக்கறையான ஆட்களா என்று டாக்டருக்கே ஆச்சரியமாக இருந்தது.

கொட்டகைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பரண்மேல் ஏறியிருந்த சர்க்கரை டின்னைக் கீழே இறக்கினார்கள். "ரொம்ப ஏறியிருக்குன்னாங்களே, இது போதுமா?" என்று சங்கிலிக்குச் சந்தேகம். தரையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி அதற்குள் இறக்கினார்கள். எறும்புகளுக்கு நல்ல காலம்.

அடுத்தது சாப்பாடு. இனிப்பைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்பதால் ஆவுடையப்பன் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டான் வெயிலுமுத்து. கையால் தொடக் கூடாது என்பதால் கோயில்பிச்சை ஊட்டினான். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடி, இலைக்கு நேர் எதிரே, தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான் சங்கிலி.

"இது ஜாங்கிரியா, பாதுஷாவா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"அதைத் தெரிஞ்சுக்கிடக் கூடாது, அண்ணாச்சி. தெரிஞ்சா பாத்த மாதிரி ஆயிரும்."

"எத்தனை தின்னிருக்கேன்?"

"நீங்க பாக்கல. நாங்க எண்ணல."

கண்ணைத் திறந்து தின்ற காலத்தைவிட இப்போது அதிகமாகவே உள்ளே போனது. ஒரு வாரத்தில் இலைக்கு எதிரே பதினாலு மாத்திரைகள் வரிசை பிசகாமல் உட்கார்ந்திருந்தன. எட்டாம் நாள் மாவாட்டிக்கொண்டிருந்த ஆவுடையப்பன், தண்ணீர் வேண்டும் என்று கேட்டார். ஒரு சொம்பு குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டார். அது வருவதற்குள் கிரைண்டர் பக்கத்திலேயே சரிந்து விழுந்தார்.

பாத்திரம் ஏற்றுகிற வண்டியில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். வழியெல்லாம் சங்கிலி அவர் தலையை மடியில் வைத்து, "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான். டாக்டர் நரம்பில் சலைன் ஏற்றினார், ஊசி போட்டார். மத்தியானத்துக்கு மேல்தான் ஆவுடையப்பன் கண் திறந்தார்.

நடந்ததை விசாரித்தபோது டாக்டருக்கு வந்த கோபத்தில் மூன்று பேரையும் வெளியே போகச் சொல்லியிருப்பார். ஆனால் மூன்று பேரும் சுவரோரம் நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். பெருமூச்சு விட்டார். ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்தார்.

"இங்க பாருங்க. ரத்தத்துல சர்க்கரை கூடிக்கிட்டே போனா ரத்தக் குழாயோட உள்பக்கம் புண்ணாகும். புண்ணான இடத்துல கொழுப்பு ஒட்டும். உங்க சமையல்கட்டுக் கழிவுத் தண்ணி போற குழாய்ல எண்ணெய்ப் பிசுக்கு உறைஞ்சு அடைச்சுக்கும்ல, அந்த மாதிரி. கால் நரம்பு செத்துப்போச்சு, அதான் நெருப்பு சுடல. ரத்தம் சரியாப் போகல, அதான் புண் ஆறல. நாளைக்கு இதயத்துக்குப் போற குழாய் அடைச்சா ஆள் இருக்க மாட்டார்."

கோயில்பிச்சை படத்தில் இருந்த குழாயை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"அந்தக் குழாய் அடைப்பை எடுத்துட்டா அண்ணாச்சி பொழைச்சுக்கிடுவாரா?" என்று சங்கிலி கேட்டான்.

"இனிமே அடைக்காம பாத்துக்கிட்டா நல்லா இருப்பார். ஆனா அதை அவருக்காக வேற யாரும் செய்ய முடியாது. அவரேதான் செய்யணும். உடம்பு வளைஞ்சு வேலை செய்யணும். வாயைக் கட்டணும்."

இந்த முறை டாக்டர் உஷாராகிவிட்டார். மாத்திரையை வாய்க்குள் போட்டு, தண்ணீர் குடித்து, தொண்டைக்குக் கீழே போனதா என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்றார். ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவரச் சொல்லி அழியாத மையால் கோடு போட்டார். பாதித் தட்டு காய், கால் தட்டு பருப்பு, கால் தட்டு சோறு. "இந்தத் தட்டுல மட்டும். ஒரு வேளைக்கு ஒரு தடவை மட்டும். கோபுரமாக் குவிக்கக் கூடாது. எண்ணெயும் இனிப்பும் யார் ஊட்டினாலும், கண்ணைக் கட்டினாலும், இருட்டுல வச்சாலும், வயித்துக்குள்ள போகக் கூடாது." பிறகு யோசித்து, "செருப்புப் போடாம ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது" என்பதையும் சேர்த்துக்கொண்டார். ஆவுடையப்பன் அன்றிலிருந்து செருப்போடுதான் குளிக்கிறார்.

புண் ஆறி வீட்டுக்கு அனுப்பியதும் நாலு பேரும் நேரே கொட்டகையின் பின்பக்கம் போய்க் கழிவுத் தண்ணீர்க் குழாயின் மூடியைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாகக் கொழுப்பு உறைந்து, ஒரு விரல் நுழையத்தான் இடம் இருந்தது.

"அந்தம்மா இந்தப் பக்கம் வந்ததே கிடையாது" என்றான் வெயிலுமுத்து மெதுவாக. "எப்படித்தான் கண்டுபிடிச்சாங்களோ."

"பெரிய படிப்பு" என்றான் கோயில்பிச்சை.

அந்தக் குழாய் கொட்டகையிலிருந்து தென்னந்தோப்பைத் தாண்டி ஓடை வரைக்கும் இருநூறு அடி மண்ணுக்குள் போகிறது. மறுநாள் காலை ஆவுடையப்பன் மண்வெட்டியை எடுத்தார். டாக்டர் சொன்னபடி வாயைக் கட்ட வேண்டும் அல்லவா, கோயில்பிச்சை ஒரு துண்டை நாலாக மடித்து அவர் வாயைக் கட்டினான். முடிச்சுக்கு அவனே பொறுப்பாளி. தட்டும் மாத்திரையும் வரும்போது அவிழ்ப்பான், முடிந்ததும் கட்டுவான். ஒரு தடவை பக்கத்துத் தெருக்காரர் பேரன் பிறந்ததற்கு ஜிலேபி கொண்டுவந்து நீட்டினார். ஆவுடையப்பன் "ம்ம்" என்றார். வேண்டும் என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று யாருக்கும் விளங்கவில்லை. ஜிலேபி திரும்பிப் போனது.

நாலாம் நாள் ஆவுடையப்பன் வியர்த்து ஊற்றி, குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். பார்க்கப் பொறுக்காமல் சங்கிலி உள்ளே குதித்து மண்வெட்டியைப் பிடித்தான். அவர் விடவில்லை. துண்டைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுச் சொன்னார்.

"நீ வெட்டினா உன் குழாய்லா சுத்தமாகும். என் குழாய் அப்படியே கெடக்கும். அந்தம்மா தெளிவாச் சொல்லியிருக்கு."

"நான் என்னதான் செய்ய, அண்ணாச்சி?"

"பக்கத்துல நில்லு. அது போதும்."

அதனால் அவர் வெட்ட வெட்ட மூன்று பேரும் மேலே நின்றார்கள். ஒருவன் குடை பிடித்தான். ஒருவன் விசிறினான். ஒருவன், அவர் எங்கே நிற்கிறாரோ அதற்குப் பக்கத்தில் நின்றான்.

குழாயை ஒவ்வொரு துண்டாகக் கழற்றிச் சுரண்டியதும் அவரேதான். சுரண்டிய கொழுப்பு ஏழு வாளி வந்தது. ஏழாவது வாளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவுமா எனக்குள்ள இருந்துச்சு?"

"முப்பது வருசம், அண்ணாச்சி" என்றான் கோயில்பிச்சை.

அன்றையிலிருந்து வடைச்சட்டிப் பக்கம் போனாலே அவருக்குக் குமட்டியது.

நாற்பத்தைந்து நாளில் ஓடை வரைக்கும் குழாய் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஆவுடையப்பனின் வேட்டி இடுப்பில் நிற்காமல் இரண்டு சுற்றுக் கூடுதலாகப் போனது. டாக்டர் பிரிஸ்கில்லா மறுபடி ரத்தம் எடுத்தார். தாளைப் பார்த்தவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"சர்க்கரை பாதியாக் குறைஞ்சிருக்கு, ஐயா. நூத்தி அறுபது. கொழுப்பும் இறங்கியிருக்கு. என்ன செஞ்சீங்களோ, அதை விடாதீங்க. இன்னும் குறையணும்."

அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். நாலு பேரும் வெளியே வந்து வேப்பமர நிழலில் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் வெயிலுமுத்து முகம் மாறியது.

"போன தாள்ல முன்னூத்தி இருபது இருக்கு."

"ஆமா."

"இதுல நூத்தி அறுபது."

"ஆமா."

"அப்ப மீதி நூத்தி அறுபது எங்க?"

ஆவுடையப்பன் மடியைத் தடவிப் பார்த்தார். சங்கிலி அவர் முதுகுப் பக்கம் போய்ப் பார்த்தான்.

"நாம வச்சு ஒண்ணும் எடுக்கல" என்றான் கோயில்பிச்சை. "நான் ராத்திரிகூட அவரு பக்கத்துலதான் படுக்கேன்."

"முப்பது வருசமாப் பாடுபட்டுச் சேத்தது" என்றார் ஆவுடையப்பன். "வேணும், வேண்டாம்ங்கிறது வேற. கேக்காம எடுத்தது தப்புலா?"

காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே ஏட்டு செல்லத்துரை மட்டும் இருந்தார். ஐம்பது வயது, சாது. சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். நாலு பேரையும் பெஞ்சில் உட்காரவைத்து, நோட்டை விரித்தார்.

"காணாமப் போன பொருள் என்ன?"

"சர்க்கரை, ஏட்டையா."

"எவ்வளவு?"

"நூத்தி அறுபது."

"கிலோவா, மூட்டையா?"

"தாள்ல இங்கிலீசுல என்னமோ போட்டிருக்கு. எங்களுக்குப் படிக்க வரல."

"எங்க வச்சிருந்தீங்க?"

"என் உடம்புக்குள்ள" என்றார் ஆவுடையப்பன்.

ஏட்டு பேனாவை எடுத்துக் காதைச் சொறிந்தார். இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் கனிந்துவிட்டது.

"அட, நீங்களும் நம்ம கேஸ்தானா. இதுக்கெல்லாம் வருத்தப்படாதீங்க. எனக்கும் இதே கதைதான். இருபது நாளைக்கு முன்னால பாத்தேன். எப்படி வந்துச்சுன்னே தெரியல, திடீர்னு நூத்தி அறுபது கூடியிருக்கு."

பெஞ்சில் நாலு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கோயில்பிச்சை தாள்களில் இருந்த தேதிகளை விரல் விட்டு எண்ணினான். ஏட்டு சொன்ன நாள் இரண்டுக்கும் நடுவில்தான் விழுந்தது என்று கண்டு, வெயிலுமுத்துவைப் பார்த்துத் தலையாட்டினான். வெயிலுமுத்து சங்கிலியைப் பார்த்தான். சங்கிலி சத்தமில்லாமல் எழுந்து போய்க் காவல் நிலையத்தின் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அதன் மேல் சாய்ந்து நின்றான்.

ஆவுடையப்பன் ஒரு நாற்காலியை ஏட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவர் தோளில் ஆதரவாகக் கை வைத்தார்.

"பயப்படாதீங்க, ஏட்டையா" என்றார். "உங்க உத்தியோகத்துக்கு ஒரு கெடுதலும் வராது. உள்ளதை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுங்க. பொருளையும் நீங்களே வச்சுக்கோங்க."