கேப்டன் முயலும் கேள்வி கேட்ட உடும்பும்

முள்காட்டில் வற்றிக்கொண்டிருந்த ஒரு குளத்தின் கரையில், பெரிய மருதமரம் ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. அதுதான் நெட்டைக்காதன் என்ற முயலின் விண்கப்பல்!

தினமும் வெயில் தாழ்ந்ததும் முயல் அதன் நுனியில் ஏறி உட்காரும். அதுதான் கேப்டன். கதை சொல்வதும் அதுதான். அணில்களும் தவிட்டுக்குருவிகளும் கீழே உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். அந்த விளையாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. கப்பல் எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் கேப்டன் ஒரே ஒரு துணையைத்தான் கூட்டிக்கொண்டு இறங்கலாம்.

துணைக்கு இருந்தது இரண்டு பேர். நீலமணி என்ற மயில், வேற்றுக்கிரகத்து இளவரசன். கெட்டியப்பன் என்ற உடும்பு, இயந்திர மனிதன். முயல் எதைச் சொன்னாலும் மயில், “ஆகா! பிரமாதம் கேப்டன்!” என்று தோகையை விரிக்கும். உடும்பு அப்படியில்லை. ஒரு கேள்வியைப் பிடித்தால் அதை விடாது. உடும்புப்பிடி என்று சும்மாவா சொன்னார்கள்!

அன்று கப்பல் பனிக்கிரகத்தில் இறங்கியது.

“இளவரசே, வாரும்! நாம் இறங்குவோம்!” என்றது முயல்.

“கேப்டன் அண்ணே, ஒரு நிமிஷம்” என்றது உடும்பு. “இறங்கும்போது கப்பலோட இறக்கை உடைஞ்சிடுச்சுன்னு சொன்னீங்க. அதைச் சரிபண்ணத் தெரிஞ்சவன் இயந்திர மனிதன்தான். இளவரசரை எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?”

“இளவரசன் வந்தால் கதை அழகா இருக்கும்!”

“சரி. நேத்தே எரிபொருள் தீர்ந்துபோச்சே, கப்பல் இதுவரைக்கும் எப்படி வந்துச்சு?”

அணில்கள் களுக்கென்று சிரித்துவிட்டன. முயலுக்குக் காது நுனிவரை சிவந்தது. பேச்சை மாற்ற நினைத்து, “நாங்க பசியால் துடிச்சோம். அப்போ பார்த்தா, பனிக்கு நடுவில் ஒரு பழத்தோட்டம்!” என்று அவசரமாகச் சொன்னது.

“பனியிலே பழமா? யார் நட்டது? யார் தண்ணி ஊத்தினது?”

அவ்வளவுதான்! முயல் மரத்திலிருந்து குதித்தது. “அடேய்! நல்ல கதையெல்லாம் உன் வாயால்தான் நாசமாகுது! இனி உனக்கு என் கப்பலில் இடமில்லை. போ!”

உடும்பு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தன் புற்றுக்குப் போய்விட்டது. “சனியன் விட்டது!” என்றது மயில். முயலும் தலையை ஆட்டியது. ஆனாலும் மனசுக்குள் ஏதோ உறுத்தியது. வீம்புக்காரக் கேப்டன் அதை வெளியே காட்டிக்கொள்ளுமா என்ன!

சித்திரை வெயில் கொளுத்தியது. குளம் சேறானது. புல் கருகியது. முயலும் மயிலும் இரண்டு நாள் பட்டினி. மூன்றாம் நாள் காலையில் இரை தேடி நடந்து நடந்து ஒரு பொட்டலுக்கு வந்தன. அங்கே என்ன கண்டன தெரியுமா? பச்சைப்பசேலென்று கீரைக் குவியல்! அதைச் சுற்றிலும் கம்பு மணிகள்!

“கேப்டன்! உங்க கதையில் வந்த பழத்தோட்டம் மாதிரியே இருக்கு!” என்று கூவிக்கொண்டு மயில் ஓடியது.

முயலுக்கு வாயில் எச்சில் ஊறியது. அதுவும் பாய்ந்தது. குவியலுக்கு நாலடி தூரம்தான் இருக்கும். அந்த நேரம் பார்த்து அதன் காதுக்குள் ஒரு கரகரத்த குரல் கேட்டது. ‘யார் நட்டது? யார் தண்ணி ஊத்தினது?’

முயல் சட்டென்று நின்றது. மழை பெய்து நாலு மாசமாச்சு. காட்டில் ஓர் இலைகூடப் பச்சையாக இல்லை. இந்தக் கீரை மட்டும் எங்கிருந்து வந்தது? வேரையும் காணோமே!

“நீலமணி, நில்!”

மயில் நிற்கவில்லை. பசி காதை அடைத்துவிட்டது. முயல் ஒரே தாவாகத் தாவி, அதன் தோகையைப் பல்லால் கவ்விப் பின்னால் இழுத்தது. மூன்று இறகுகள் பிய்ந்து வந்தன.

“ஐயோ, என் தோகை!”

“தோகை முளைக்கும். உயிர் முளைக்குமா?” முயல் பின்னங்காலால் ஒரு கல்லை எத்தியது. கல் கீரைமேல் விழுந்ததுதான் தாமதம், சரேலென்று ஒரு வலை எழுந்து குவியலையே சுருட்டிக்கொண்டது! புதருக்குப் பின்னாலிருந்து ஒரு வேடன் எழுந்து ஓடிவந்தான். இரண்டும் விட்டன பாருங்கள் ஓட்டம்! புற்றின் வாசலில் வந்துதான் நின்றன.

உடும்பு தலையை நீட்டியது. “என்ன கேப்டன் அண்ணே, இந்தப் பக்கம்?”

முயலுக்கு மூச்சு வாங்கியது. கண்ணில் நீர் முட்டியது. நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, “கெட்டியப்பா! நீ மட்டும் இல்லேன்னா நான் இந்நேரம் யார் வீட்டுச் சட்டியிலோ கொதிச்சிட்டிருப்பேன். நீ நல்லா இருக்கணும்டா!” என்றது.

“நான்தான் அங்க வரவே இல்லையே. அப்புறம் எப்படி நான் காப்பாத்தினதா ஆகும்?”

முயல் அழுகையும் சிரிப்புமாக உடும்பின் சொரசொரத்த கழுத்தைக் கட்டிக்கொண்டது. “உன் கேள்வி வந்துச்சே! தினம் தினம் கேட்டுக் கேட்டு என் மண்டையிலே ஏத்தி வச்சிருந்தியே! உன்னையே விரட்டிவிட்டேனே. என்னை மன்னிச்சிடு.”

மயில் மெல்ல, “இறங்கிற இடத்துக்கெல்லாம் இனி நீயே போ, இயந்திர மனிதா. நான் கப்பலைப் பார்த்துக்கிறேன்” என்றது. உடும்புக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. புற்றைவிட்டு வெளியே வந்து முயலின் பக்கத்தில் நின்றுகொண்டது.

கைதட்டும் துணை கதைக்கு அழகு, கேள்வி கேட்கும் துணையே உயிருக்குக் காவல்.